கோதண்டன் அழித்த ஃபோல்டர்

போன வாரம் புது மடிக்கணினியில் பில்ட் கருவியை நிறுவினேன். ஒரே ஒரு வரி தட்டினேன். அதுவே கம்பைலரைத் தேடிப் பிடித்து, வெர்ஷன் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டது. டீ ஆறவில்லை. அந்த நிமிடம் எனக்குச் சந்தன வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில்தான் என் முதல் வேலை. விசைத்தறிப் புடவைகளுக்குக் கரை டிசைன் போடும் மென்பொருள் செய்தோம். எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். எந்தக் கம்பைலரை வைத்து எப்படிக் கட்டுவது என்று வகுத்துக் கொடுப்பது பில்ட் கருவி. இரண்டின் வெர்ஷனும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் நடக்காது. எது எதோடு சேரும் என்று நான் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் சிவப்பு.

பக்கத்து நாற்காலி கோதண்டன், பள்ளிப்பட்டுக்காரன். உறவே இல்லாவிட்டாலும், தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். "இன்னா பாவா, பொருத்தம் பாத்துகினு கீறியா? பத்துக்கு எத்தினி?" என்பான். அவன் எதையும் படிக்க மாட்டான், குறித்து வைக்க மாட்டான். ஆனால் அவன் கை பட்டால் ஓடும். என் வயிறு எரியும்.

சென்னையில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர். பில்ட் கருவியின் புது வெர்ஷனில் எங்கள் மென்பொருளைக் கட்டிக் காட்டுகிறவரை நிரந்தரமாக அங்கே அனுப்புவதாக முதலாளி சொன்னார். இருவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் கோதண்டன் மூன்று நாள் லீவு போட்டான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

கருவியை நிறுவினேன். கம்பைலர் பழசு என்றது. புதுக் கம்பைலர் போட்டு, வெர்ஷனைக் கேட்டுப் பார்த்தேன். நீலக் கட்டத்தில் இருப்பதேதான். மறுபடியும் பழசு என்றது. நீக்கினேன், நிறுவினேன். மூன்று நாளும் அதே பதில்.

நான்காம் நாள் காலை கோதண்டன் மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"இந்த பில்ட் ஃபோல்டரு எப்போதுது?"

"போன வருஷத்துது. பத்திரமா வெச்சிருக்கேன்."

"அட பாவா! மொதல்ல பாத்த கம்பைலரை கருவி இதுக்குள்ள எழுதி வெச்சிகினு கீது. நீ எத்தினி புதுசு போட்டாலும் அதையே சொல்லும்."

நான் தடுப்பதற்குள் ஃபோல்டரை அழித்தான். மறுபடி ஓட்டினான். கட்டி முடித்துவிட்டது. பஸ் டிக்கெட்டைக்கூட எறியாத எனக்கு அழிக்கலாம் என்றே தோன்றவில்லை.

அவன் டீ குடிக்கக் கீழே போனான். அறையிலிருந்து வந்த முதலாளி திரையைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "மூணு நாளு விடாம உக்காந்து முடிச்சிட்டீங்களே! மெட்ராஸுக்கு நீங்கதான்." நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைய டைரியில் 'பகல் 11.40, கட்டி முடிந்தது' என்று இருக்கிறது. நேரம் துல்லியம். பெயர் இல்லை.

விஷயம் தெரிந்ததும் கோதண்டன் மொட்டையைத் தடவிக்கொண்டான். "வேண்டிகினு மொட்டை போட்டது நானு, வேலை உனக்கா? நம்ம முருகன் ஆளு மாத்தி குட்த்துட்டாரு பாவா!" என்று மாடி அதிரச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு துளி கசப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவன் கை வேகத்தைப் பார்த்து எரிந்ததைவிட அன்றைக்கு அதிகமாக எரிந்தேன்.

அந்த மாடியை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். முதலாளி இல்லை. கோதண்டனின் பழைய எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ தெலுங்கில் பேசுகிறார்கள். எங்கிருந்தாலும் அவன் அந்தக் காலையை எப்போதோ மறந்திருப்பான்.

அதற்கும் எனக்குப் பொறாமைதான்.