சுவருக்கு வெளியே கேட்ட படம்

எந்தப் பழைய படத்தின் பெயரைச் சொன்னாலும் டோக்கன்காரர் அதன் வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எங்கே பாட்டு வரும், எங்கே கதவு சாத்தப்படும், எங்கே நாய் குரைக்கும் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கதாநாயகி எப்படி இருப்பாள் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார். ஏனென்றால் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

மீசை அரும்பிய வயதில் ஒரு சினிமாக் கொட்டகையின் வண்டி ஸ்டாண்டில் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தார். சைக்கிளுக்கு ஒரு டோக்கன், சைக்கிள் கொண்டுவந்தவர் கையில் ஒரு டோக்கன். படம் விட்டதும் ஊரே ஒரேயடியாகக் கையை நீட்டும். ஸ்டாண்டு கொட்டகையின் பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரின் உயரத்தில் காற்றுப் போக்கும் விசிறிக்கு ஒரு வட்ட ஓட்டை, அதற்கு நேர் கீழே அவருடைய ஸ்டூல். உள்ளே இருக்கிற சூடு, புழுக்கம், சிகரெட் புகை எல்லாம் அந்த ஓட்டை வழியாக அவர் தலைமேல் இறங்கும். படத்தின் சத்தமும் அப்படியே இறங்கும். முன்வாசல் போஸ்டரில் இருக்கிற முகங்களில் எது எந்தக் குரலுக்கு உரியது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

உள்ளே போய்ப் பார்த்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் வண்டி ஸ்டாண்டில் வேலை பார்க்காதவர்கள். படம் பிடிக்காமல் பாதியில் எழுந்து வருகிறவன் இருப்பான். சைக்கிள் திருடுகிறவனோ, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் கடைசிக் கட்டமாகப் பார்த்துத்தான் வருவான். எல்லாக் காட்சிக்கும் வேலை, எல்லா நாளும் வேலை. அவர் லீவு போட்டது தன் கல்யாணத்துக்குத்தான். கல்யாண மாப்பிள்ளை அன்றைக்குப் போய் சினிமாக் கொட்டகையில் உட்கார முடியுமா?

வந்த மனைவி சட்டை தைக்கிற கம்பெனிக்குக் காஜா எடுப்பவர். பொத்தான் துளையைச் சுற்றி நூல் கட்டும் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் காஜாம்மா. ஸ்டாண்டுக்காரர் மனைவி என்பதால் கொட்டகையில் டிக்கெட் கேட்க மாட்டார்கள். படம் மாறும்போதெல்லாம் காஜாம்மா போவார். ஒரே படத்துக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போனார்கள். ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். இப்படியே ஒரு மகளைப் பெற்று, படிக்கவைத்து, கட்டியும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்ததில்லை.

கொட்டகையை இடித்த பிறகு அவர் வீட்டோடு இருந்தார். மகள் ஒரு பெரிய டிவி வாங்கிக்கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். ஒரு சேனலில் தினமும் மத்தியானம் பழைய படம். டோக்கன்காரர் நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் பார்த்துப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார்.

"ஏங்க, டிவி இங்க இருக்கு. ஜன்னல்ல என்ன படம் ஓடுது?" என்றார் காஜாம்மா.

"கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

"அதுக்கு ஒரு ரேடியோ போதும். பொண்ணு காசைக் கரியாக்குனீங்க."

ஒரு நாள் கழுத்துப் பிடித்துக்கொண்டதோ என்னவோ, திரும்பினார். திரும்பியவர் அப்படியே அசந்துபோனார். இத்தனை வருடமும் இடிபோலக் கேட்ட ஒரு குரலுக்கு அவர் மனத்தில் மலைபோல ஓர் ஆளை நிறுத்தி வைத்திருந்தார். டிவியில் நின்றதோ காற்றடித்தால் விழுந்துவிடுகிற மாதிரி ஓர் ஒல்லிப்பிச்சான். அந்த நெஞ்சுக்கூட்டிலிருந்து அந்தக் குரலா? அன்று நாற்காலி திரும்பியது, திரும்பியதுதான்.

அதற்குப் பிறகு அவர் பட்ட ஆச்சரியத்துக்கு அளவே இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவனுக்குத் திடீரென்று கண் வந்தால் எப்படியோ அப்படி. மாடிப்படியில் விழுகிற ஜன்னல் கம்பியின் நிழலைக்கூட வாய் மூடாமல் பார்த்தார். கருப்பும் வெளுப்பும் மட்டும் வைத்துக்கொண்டு ஈரத் தெருவை, விளக்கை, ஒருத்தியின் கண்ணோரத்துத் துளியை எப்படிக் காட்டினார்கள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. எல்லாவற்றையும்விட அவரை அசத்தியது வேறு ஒன்று. ஒரு படத்தில் ஒருத்தி, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்பாள். அந்த வசனத்தை ஆயிரம் தடவை கேட்டு, ஆயிரம் தடவையும் நம்பியவர் அவர். இப்போது பார்த்தால், அதைச் சொல்லும்போது அவள் கை ஒரு கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறது.

"ஏ, இங்க வாயேன். இவ பொய் சொல்றா பாரு" என்று கூப்பிட்டார்.

காஜாம்மா மத்தியானத்தில் டிவி பக்கம் வருவதில்லை. கண் மங்கிவிட்டதால் வெயில் வெளிச்சத்தில்தான் ஊசி ஓடும். பின்வாசலில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் அங்கிருந்தே, "அது அப்பவே ஊருக்கெல்லாம் தெரியும். உங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றார்.

இப்படி இருக்கையில்தான், வருகிற சனிக்கிழமை இன்ன படம் என்று டிவியில் போட்டுக் காட்டினார்கள். டோக்கன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காஜாம்மா முகமோ பூரித்துப்போயிற்று.

கொட்டகையில் மாதக்கணக்காக ஓடிய படம் அது. பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு கடிகாரக் கடைக்காரன், அவன் மனைவி, காணாமல் போன பிள்ளை. மனைவி தினமும் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்காகக் காத்திருப்பாள். "அவன் வரமாட்டான், உள்ளே வா" என்று புருஷன் எரிந்து விழுவான். டோக்கன்காரருக்கு அந்த மனைவியின் குரல்தான் படம். சிரிக்கப்போகிற மாதிரித் தொடங்கி, சிரிக்காமல் நின்றுவிடுகிற, கொஞ்சம் கரகரத்த குரல். உலகத்தில் அப்படி ஒரு குரல் இருக்கிறதே என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் மலைத்துப்போவார். சொந்தக்காரி வருகிறாள் என்பதுபோல ஒவ்வொரு காட்சியிலும் அவள் வாய் திறப்பதற்குக் காத்திருப்பார்.

பாதிப் படத்துக்கு மேல் அந்தக் குரலில் இருமல் சேரும். இருமல் வலுத்துக்கொண்டே போகும். கடைசியில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, இசையும் இல்லை, வெறும் நிசப்தம். நடுவில் தரையில் எதையோ கிர்ர் என்று இழுப்பார்கள், நிறுத்துவார்கள், மறுபடி இழுப்பார்கள். கட்டிலை வெளியே எடுக்கிறார்கள், துக்கத்தில் நின்று நின்று எடுக்கிறார்கள். பிறகு புருஷன் குரல் மட்டும், இது அவன்தானா என்கிற அளவுக்கு இறங்கிப்போய், "குளிரும். நல்லாப் போத்திக்கோ" என்று சொல்லும். அத்தோடு படம் முடிந்துவிடும். ஜனங்கள் கண் சிவந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு டோக்கனை நீட்டுவார்கள்.

இதற்கு மேல் ஒருவர் வேறு என்ன சொல்ல வேண்டும்? காட்சிக்குக் காட்சி அவள் செத்தாள். சில நாள் கழித்து அந்த நிசப்தம் வருவதற்கு முன்பே அவர் ஸ்டூலை விட்டு எழுந்து, ஸ்டாண்டின் கோடிக்குப் போய், நேராக நிற்கிற சைக்கிள்களை இன்னும் நேராக நிறுத்திக்கொண்டிருப்பார். அந்தப் படத்துக்குப் போய்விட்டு வெளியே வந்த காஜாம்மாவிடம், "பாவம் இல்ல அவ?" என்று மட்டும் கேட்டார். "ரொம்பப் பாவங்க" என்று அவரும் கண்ணைத் துடைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

"சனிக்கிழமை நான் வேலையை எடுத்து வெச்சிடறேன். இந்த ஒரு படத்தையாவது ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாக்கணும்" என்றார் காஜாம்மா.

"அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு."

"ரிட்டயர் ஆன ஆளுக்கு என்ன வேலை?"

"இருக்குன்னா இருக்கு."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பேரப்பிள்ளை எடுத்த மனுஷன், சினிமாவில் ஒருத்தி சாகிறதைக் கண்ணால் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? காதால் கேட்டதற்கே அந்தப் பாடு. இப்போது கண்ணும் வந்துவிட்டதே. அந்தக் குரலுக்கு உரிய முகத்தை முதல் தடவை பார்த்து, பார்த்த கையோடு அதைப் பறிகொடுக்க வேண்டுமா? 

அவர் மறுத்ததற்குக் காஜாம்மா வேறு கணக்குப் போட்டார். "என்கூட உக்கார்றதுக்குக் கசக்குது, அவ்வளவுதான்" என்று மகளிடம் போனில் சொன்னது இவர் காதில் விழட்டும் என்றே சொன்னதுதான். அன்று சாயந்திரமே மகள் அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன கேட்டிருக்காங்க, சொல்லுங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்டதாக நினைவு இல்லை.

வெள்ளிக்கிழமை காஜாம்மா இரண்டு நாள் மூட்டையை ஒரே நாளில் முடித்தார். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் குளித்து, தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தார். "வர்றீங்களா?" என்று கேட்கவில்லை. டோக்கன்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

தெருமுனை டீக்கடையில் ஒரு டீயைக் குடித்தார். அங்கேயும் அதே படம். காசைக் கொடுத்துவிட்டு நடந்தார். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் அந்தக் கரகரத்த குரல் வந்தது. ஒரு வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் அடுத்த வீட்டைத் தாண்டும்போது பேசி முடிப்பாள். எங்கே போனாலும் விடமாட்டேன் என்கிறாளே என்று அலுத்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கால் போன போக்கில் கடைசியில் தன் வீட்டுச் சுவரோரம் வந்து நின்றார். பழக்கதோஷம். திறந்திருந்த ஜன்னலுக்குக் கீழே முதுகைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

இருமல் வந்தது. வலுத்தது. பிறகு நிசப்தம். விலகி ஓடச் சைக்கிள்கள் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கிர்ர் என்று இழுக்கும் சத்தம் கேட்டது.

உள்ளே காஜாம்மா சிரித்தார்.

டோக்கன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகம் சத்தமில்லாத, மூக்கால் சிரிக்கிற சின்னச் சிரிப்பு. நிறைந்த கொட்டகையில் அப்படி ஆயிரம் பேர் சிரித்திருந்தாலும் விசிறி ஓட்டை வழியாக வெளியே வந்திருக்காது. எழவு வீட்டில் சிரிப்பாளா ஒருத்தி? மனசு கேட்காமல் திரும்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

டிவியில் ஒரு வீட்டு வாசல். ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வட்ட முகம், ஒரு பக்கத்து மூக்கோரம் மச்சம், கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. இவள்தான். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருக்கிறாள். படம் முழுக்க எரிந்து விழுந்த புருஷன் அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறான். எட்டப் போட்டு உட்கார்கிறான். எழுந்து, வெட்கப்பட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட இழுக்கிறான். மறுபடி எழுந்து மறுபடி இழுக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சமாக நகர்ந்து இடம் விடுகிறாள். இருவருமாக அந்த வெறும் தெருவைப் பார்க்கிறார்கள். அவன் அவள் தோளில் சால்வையை இழுத்து விட்டு, "குளிரும். நல்லாப் போத்திக்கோ" என்கிறான்.

டோக்கன்காரர் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். ஒன்றுமே கேட்காத ஓர் இடத்துக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அது அவர் தலைக்கு மேலேயே, சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே, காட்சிக்குக் காட்சி நடந்திருக்கிறது. செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே போனார்.

"அவ சாகலயா?"

காஜாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "யாரு?"

"அவதான். கடைசியில செத்துப்போறா இல்ல?"

"அவ எதுக்குச் சாகணும்? நல்லாத்தான் உக்காந்திருக்கா." சொல்லி முடிப்பதற்குள் காஜாம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் முகத்தையே பார்த்தார். "அதுக்காகவா வரமாட்டேன்னீங்க?"

அவர் தலையை ஆட்டினார்.

"இத்தன வருஷமா அவளச் சாகடிச்சே வெச்சிருந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"எல்லாரும் அழுதுக்கிட்டு வந்தாங்க. நீயும்தான் அழுத. இப்பவும் அழுதிருக்க." அவர் டிவியைக் கை காட்டினார். "அவ சாகலன்னா பின்ன எதுக்கு எல்லாரும் அழுதீங்க?"

"அவன் வந்து பக்கத்துல உக்காந்தான் இல்ல," என்றார் காஜாம்மா. "அதுக்குத்தான்."

டிவியில் படம் முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் ஓட ஆரம்பித்தது. டோக்கன்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த விளம்பரத்தை இரண்டு பேரும் கடைசிவரை பார்த்தார்கள்.