ஹாஸ்டலைப் பூட்டினால்...

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நாலு ஐம்பதுக்கு கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். திண்டுக்கல் பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மகேஸ்வரி இறங்கவில்லை.

பட்டியல்படி அன்று அவள் என் வீட்டுக்கு வரவேண்டும்.

அதென்ன பட்டியல்? சொல்கிறேன். மகேஸ்வரி இங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயது முடிந்தால் அங்கே இருக்க முடியாது — விதி. (பதினெட்டு வயதில் என் மகனுக்குச் சொந்த சாக்ஸைத் தேடி எடுக்கத் தெரியாது.) திண்டுக்கல்லில் பி.எஸ்சி. இடம் கிடைத்தது. கல்லூரி, ஹாஸ்டல், புத்தகம் எல்லாவற்றையும் இல்லத்துக்கு உதவிவந்த நாங்கள் ஆறு குடும்பங்கள் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். பெருமையாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு ஹாஸ்டலைப் பூட்டப் போகிறார்கள் என்றபோதுதான் உறைத்தது... பூட்டினால் இவள் எங்கே போவாள்?

ஸ்கேலை எடுத்தேன். கட்டம் போட்டேன். ஒன்பது நாள் விடுமுறை, ஆறு வீடு. வீட்டுக்கு ஒன்றரை நாள். யார் அழைத்துவருவது, எத்தனை மணிக்கு அடுத்த வீட்டில் விடுவது — எதையும் விடவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டேன். மற்ற ஐந்து வீட்டிலிருந்தும் கட்டைவிரல் உயர்ந்தது. ஒரு நிமிடம் பிசகாமல் நடந்தது தீபாவளி. பொங்கலுக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல் தயார்.

போன் செய்தேன்.

"வத்தலக்குண்டுல பஸ் மாறி பண்ணைக்காட்டுக்கு வந்துட்டேன் மேடம். ராஜாத்தி அத்தை வீட்டுல இருக்கேன்."

"பட்டியல்ல ராஜாத்தி வீடு அஞ்சாவதுல்ல?"

"ஆமா மேடம்."

ராஜாத்தி எங்கள் ஆறு குடும்பங்களில் ஒருவர். மிளகும் வாழையும் போட்டிருக்கிறார். இல்லத்துக்கு வாராவாரம் பழம் அனுப்புகிறவர்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பண்ணைக்காடு போய் இறங்கினேன். ராஜாத்தி வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் விரித்து மிளகு காய்ந்தது. மகேஸ்வரி குனிந்து பரத்திக்கொண்டிருந்தாள். ராஜாத்தி திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, நேத்துப் பறிச்சதையும் காஞ்சதையும் ஒண்ணாக் கொட்டி வச்சிருக்க. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"கெமிஸ்ட்ரில மிளகு வராது அத்தை."

"வாயி மட்டும் வெரசா வருது."

எனக்குச் சுருக்கென்றது. படிக்கிற பெண்ணை லீவில் வேலை வாங்குவதா? "கிளம்பு மகேஸ். ரூம் ரெடியா இருக்கு" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "காலேஜ விட்டுரலாம்னு இருக்கேன் மேடம்."

"மார்க் குறைஞ்சிருச்சா?"

"மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஸ்பின்னிங் மில்லுல கூப்பிடுறாங்க. அங்க ஹாஸ்டலப் பூட்டவே மாட்டாங்களாம். பொங்கலுக்கும் இருக்கலாம்."

"எங்க வீடெல்லாம் இருக்கேம்மா. ஆறு வீடு..."

"எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. டம்ளரக் கழுவப் போனாக்கூட, நீ உக்காரும்மான்னீங்க. ஆனா ஒன்பது நாள்ல ஆறு தடவ பையக் கட்டினேன் மேடம். பையில ஸ்வெட்டரப் பாத்துட்டு ஹாஸ்டல்ல சிரிக்கிறாளுக. திண்டுக்கல் வெயிலுக்கு இது எதுக்கு, வீட்டுல வச்சிட்டு வரவேண்டியதுதானேங்கிறாளுக."

மலையிலிருந்து கீழே படிக்கப் போகிற எந்தப் பிள்ளையும் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகும். ஆறு வீட்டில் படுக்க இடம் கொடுத்த எங்களுக்கு, ஒரு ஸ்வெட்டர் தங்க இடம் கொடுக்கத் தோன்றவில்லை. என் மகன் லீவுக்கு வந்தால் பையை ஹாலில் எறிவான். எத்தனை நாள் என்று நான் கேட்டதுண்டா? கட்டம் போட்டதுண்டா?

ராஜாத்தி மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மர அலமாரில கீழ்த்தட்டு காலியாத்தான் கெடக்கு. வச்சுக்க. இருக்கிறது ரெண்டு ரூம்தான், எம் மககூட ஒட்டிக்கிட்டுத்தான் படுக்கணும். சும்மா ஒக்காரவும் விடமாட்டேன்."

"எத்தன நாளைக்கு அத்தை?"

"இதென்ன கேள்வி? பூட்டுனா வா. பூட்டலைன்னாலும் வா. மில்லு எங்கயும் ஓடிறாது. மொதல்ல படிப்ப முடி."

மகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு பையைக் காலி செய்ய அவ்வளவு நேரம் ஆகுமா? நான் உட்கார்ந்து, ஈரமிளகைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வெறும் பை அவள் கையில் நாலாக மடிந்திருந்தது.

"இத எங்க வைக்கட்டும் அத்தை?"

அன்றே குழுவில் எழுதினேன்: பட்டியல் ரத்து. கல்லூரிச் செலவை எப்போதும்போல ஆறு பேரும் பகிர்ந்துகொள்வோம். எங்களில் பேக்கரி வைத்திருப்பவருக்கு வருத்தம் — "அப்ப எங்க வீட்டுக்கு வரமாட்டாளா? கேக் எடுத்து வச்சிருந்தேனே." வருவாள் சார், அவளுக்குத் தோன்றும்போது, எல்லாப் பிள்ளைகளும் வருவதுபோல, என்றேன்.

உதவி செய்கிறவர்களுக்குச் சரிபங்கு பிடிக்கும். யாருக்கும் பாரம் கூடாது பாருங்கள். பங்கு போட்டதில் நாங்கள் ஆறு பேரும் சௌகரியமாக இருந்தோம்... துண்டு துண்டானது அவள்தான்.

விடுமுறை முடிந்தது. மகேஸ்வரி கல்லூரிக்கே கிளம்பினாள். வழியனுப்ப முறுக்குப் பொட்டலத்தோடு போயிருந்தேன். ராஜாத்தி முற்றத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வரலையா?" என்றேன்.

"எனக்குச் சோலி கெடக்கு மேடம். அடுத்த லீவுக்கு வராமயா போகப்போறா?"