இணைப்பு மறுக்கப்பட்டது

கூடுவாஞ்சேரி மருந்துக்கடையில் இன்னும் ஒரு பழைய பிரிண்டர் இருக்கிறது. பில் போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிறீச்சிடும். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் மாத்திரையை வாங்கிய பிறகும் நகராமல் நிற்பேன். எனக்கு அது என் நாத்தனாரின் குரல்.

தொண்ணூறுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்து கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் நாங்கள் இருவரும் டேட்டா என்ட்ரி சொல்லிக்கொடுத்தோம். புதிதாக நெட்வொர்க் வகுப்பு வருகிறது என்றதும், அதை நான் எடுக்கிறேன் என்று போய் நின்றாள் அவள். மேனேஜர் சிரித்தார். "அதெல்லாம் பசங்க பாத்துக்குவாங்கம்மா. உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" அவள் நகரவில்லை. அவர் ஒரு நிபந்தனை போட்டார்: "சரி, வர்ற சனிக்கிழமை நீ எழுதின புரோகிராம் பக்கத்து மெஷின்ல இருக்கற மெயில் சர்வரோட பேசட்டும். பேசிச்சுன்னா கிளாஸ் உனக்கு. இல்லன்னா டைப்பிங்தான்."

எங்களுக்கு ஆசான் எவருமில்லை. ஜெராக்ஸ் எடுத்த ஒரு பாடப்புத்தகம், பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் குறுந்தகடு, அவ்வளவுதான். புத்தகத்தில் இருந்தபடியே எழுதினோம். மறுமுனை ஒரே பதிலைச் சொன்னது: இணைப்பு மறுக்கப்பட்டது. திருத்தி எழுதினோம். மறுபடி மறுப்பு. மறுப்பது மனிதருக்கும் எந்திரத்துக்கும் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.

"புத்தகத்த நம்பினது போதும் அண்ணி. ஒழுங்கா ஓடுற புரோகிராம் எப்படிக் கேக்குதுன்னு பாப்போம்" என்றாள். அந்தத் தகட்டில் ஒவ்வொரு புரோகிராமையும் எழுதிய வரிகள், சோர்ஸ் என்கிற மூலநிரல், முழுவதும் திறந்தே கிடந்தது. பிரிண்டர் அலற அலற அச்சிட்டோம்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தபோது, ஓரமெல்லாம் துளையிட்ட அந்த நீளக் காகிதத்தை மடியில் விரித்தாள். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, ஜாதகம் இம்மா நீளம் கீது?"

"கம்ப்யூட்டர் ஜாதகம்க்கா. பொருத்தம் பாக்கறோம்."

"பொருந்திச்சா?"

"எங்க, பிடிகொடுக்க மாட்டேங்குது."

அப்போது கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வந்த மின்வண்டி, வந்த திசையிலேயே திரும்பப் புறப்பட்டது. கடைசிப் பெட்டி முதல் பெட்டியானது. நாத்தனாரின் விரல் காகிதத்தில் ஒரு வரியில் நின்றது. மறுமுனையில் தட்டவேண்டிய கதவின் எண்ணைக் கம்பிக்குள் அனுப்புமுன் அதன் தலையையும் வாலையும் இடம் மாற்றும் வரி. நாங்கள் எழுதாமல் விட்ட வரி. புத்தகம் எழுதியவர், தம் எந்திரத்துக்கு அது தேவைப்படவில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார். எங்கள் எந்திரமோ எண்களை வால் முன்னாக வைக்கும் ஜாதி. இத்தனை நாளும் யாருமில்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் மறுமுனை வணக்கம் சொன்னது. மேனேஜர் திரையைத் திரும்பத் திரும்பப் படித்தார். "யாரும்மா சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல சார். தொறந்துதான் இருந்துச்சு. படிச்சோம்."

வகுப்பு அவளுடையதாயிற்று.

இன்று எல்லாம் மூடிய பெட்டிகளாக வருகின்றன. உள்ளே என்ன என்றால், உங்களுக்கு அது எதற்கு என்கிறார்கள், அதே மேனேஜர் சிரிப்போடு. நான் விடுவதில்லை. மருந்துக்கடைப் பிரிண்டர் கிறீச்சிடும்போதெல்லாம், பெங்களூர் வேலைக்கு அவள் ரயிலேறிய காலை திரும்பி வருகிறது. வண்டி நகர்ந்த பிறகு, ஜன்னல் கம்பியில் முகம் பதித்துச் சொன்னாள்:

"அண்ணி, உங்களுக்குப் புரியாதுன்னு எவனாவது சொன்னா, சோர்ஸ் எங்கன்னு கேளுங்க."