நார்மல்

ராஜகீழ்ப்பாக்கத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் ‘கிஃப்டட்’ என்று பேட்ஜ் குத்தி, தனி வகுப்பும் வைத்தார்கள். என் மகளுக்கு பேட்ஜ் இல்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் குரலைத் தாழ்த்தி, "உங்க பொண்ணு நார்மல்தான் சார்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் குறைமாதத்தில் பிறந்தவள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நானும் மனைவியும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தோம். "குழந்தை நார்மல்" என்று டாக்டர் சொன்னதும் வார்டு முழுக்க ஸ்வீட் கொடுத்தேன்.

"அதை ஏம்மா எழவு வீட்டுல பேசுற மாதிரி சொல்றீங்க?" என்று டீச்சரிடம் கத்தினேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா பேசுப்பா. பக்கத்து ரூம்ல கிஃப்டட் பசங்க படிக்கிறாங்க."