வண்டி இல்லாத விளையாட்டு

நண்பனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு தேடிக் கொடுப்பதை ஒன்றரை வருடம் ஒரு வேலையாகவே செய்துவந்தேன். அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே போனது. ஊரில் எல்லோரும் என்னைத் தங்கமான பிள்ளை என்றார்கள். யாராவது அப்படிச் சொல்லும்போது நான் மறுக்கவும் இல்லை.

அவன் கேட்டது சாதாரணத் துப்பாக்கி விளையாட்டு இல்லை. ஒரு கட்டடத்துக்குள் பத்துப் பேர் ஓடி ஓடிச் சுட்டுக்கொள்வது ஒரே வாரத்தில் அவனுக்குச் சலித்துவிட்டது.

"பெரிய நெலமா இருக்கணும்லே. எந்தப் பக்கம் வேணும்னாலும் போகணும். துப்பாக்கி இருக்கணும், ஆனா குண்டு லேசுல கெடைக்கக் கூடாது. பசிக்கணும், தண்ணி தவிக்கணும். நடந்தா களைப்பு வரணும்" என்றான்.

ஆரம்பத்தில் ஒன்றுக்கும் உதவாதவனாக இருக்கும் ஆள், நாம் பழக்கப் பழக்கத் தேறி வரவேண்டும் என்றும் கேட்டான். இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாமல், கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தபடி இதைச் சொன்னான். நடந்தால் களைப்பு வரவேண்டும் என்று அவன் கேட்டதற்கு என்னால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள். அவனுடைய அப்பாவுக்கு இளையரசனேந்தல் பக்கம் மானாவாரி நிலம். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் பயிற்சிக்கும் அலைய வசதியாக இருக்கும் என்று சங்கரன்கோவிலில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவும் மகனும் வந்துவிட்டார்கள். அப்பா மட்டும் காட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து அந்த வீடு இரண்டு தெரு தள்ளி.

அவன் சொன்ன நிபந்தனைகளோடு, அவனுக்குத் தெரியாமல் நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். விளையாட்டில் வண்டி இருக்கக் கூடாது. ஜீப், கார், பைக் எதுவுமே கூடாது.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், தை மாதம், பகல் மூன்று மணி. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவனுடைய பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு வண்டி ஓட்ட அரைகுறையாகத்தான் தெரியும், லைசன்ஸ் கிடையாது. அன்றைக்குவரை அவனுடைய வண்டியின் சாவியைக்கூட நான் தொட்டதில்லை. பத்து நாளில் அரசாங்க வேலையில் சேரப்போகிற மிதப்பில், நான் ஓட்டுகிறேன் என்று சாவியைப் பிடுங்கினேன். சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினான்.

பேசினால் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவது என் பழக்கம். வண்டி ஓட்டும்போதும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தேன். "முன்னால பாத்து ஓட்டுலே" என்றான். நான் முன்பக்கம் திரும்பவில்லை. யாரோ உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து, போகிற வண்டிகள் மிதிக்கட்டும் என்று ரோட்டில் பாதிக்குப் பரப்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அறுப்புக் காலத்தில் எல்லோரும் செய்வதுதான், ஓட்டத் தெரிந்தவன் வேகத்தைக் குறைத்துப் போவான். எங்கள் வண்டி வழுக்கியது. எனக்கு இடது கை முறிந்தது. அவன் பாலத்துச் சுவரில் போய் விழுந்தான்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் அம்மா நின்றாள். அப்பா வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, வண்டி அவனுடையது, லைசன்ஸும் அவனிடம் இருக்கிறது, ஓட்டியது நீ என்று எழுதினால் அவனுக்கு இன்சூரன்ஸும் வராது, உனக்கு வேலையும் போகும், யாருக்கு என்ன லாபம் என்றார். போலீஸ்காரர் வந்து கேட்டபோது நான் வலியில் கண்ணை மூடியிருந்தேன். அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார்.

நண்பனுக்கு ஆறாம் நாள்தான் நினைவு வந்தது. கல்யாண வீட்டில் இலை போட்டதுவரைக்கும் ஞாபகம் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நீதான் ஓட்டினாய் என்றார்கள். நம்பிவிட்டான். நம்பாமல் இருக்க அவனிடம் என்ன இருந்தது?

அதனால்தான் வண்டி இல்லாத விளையாட்டு. திரையில் ஒரு பைக்கைப் பார்த்தால் அவனுக்கு ஏதாவது நினைவு வந்துவிடுமோ என்று பயம். அவன் மனசு கஷ்டப்படும் என்றுதான் வண்டியைத் தவிர்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பச்சைப் பொய்.

இந்த மாதிரி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே இணையத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இருக்கிறார்கள். என் ஓட்டை ஆங்கிலத்தில் கேள்வி எழுதுவேன். திறந்த நிலம், துப்பாக்கி, பசி, தாகம், ஆள் தேறவேண்டும், வண்டி கூடாது. எந்தத் தேசத்துக்காரனோ ஒருவன், இவ்வளவு பெரிய நிலத்தில் வண்டி இல்லாமல் எதற்குப் போகவேண்டும், மணிக்கணக்காக நடந்தால் எரிச்சலாக இருக்காதா என்று கேட்டிருந்தான். என் நண்பனுக்கு நடக்கப் பிடிக்கும் என்று பதில் போட்டேன். அதற்கு நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

ஒரு விளையாட்டு இறங்கி முடிய இரண்டு நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் எங்கே நின்றது என்று பார்த்து மறுபடியும் தட்டிவிட வேண்டும். முதலில் கிடைத்தது, விஷக்காற்று அடிக்கிற கைவிடப்பட்ட ஊர். முகமூடி போட்டுக்கொண்டுதான் வெளியே போகமுடியும், துப்பாக்கி துருப்பிடித்துப் பாதியில் மக்கர் பண்ணும். அது அவனுக்குப் பிடித்திருந்தது. அடுத்தது பனிக்காடு. விறகு பொறுக்கித் தீ மூட்டாவிட்டால் விறைத்துச் சாகவேண்டியதுதான். சித்திரை வெயிலில், தலைக்கு மேல் காற்றாடி சூட்டை வாரி இறைத்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பனியில் விறகு தேடினோம். அவன் நாற்பது நாளில் அந்தக் காட்டை மூலை விடாமல் நடந்து முடித்தான்.

மூன்றாவது, எங்கள் கரிசல் காடு மாதிரியே வெடித்துக் கிடந்த வறண்ட நிலம். கிணறு தேடிப் போகிறவன் பாறையிலிருந்து விழுந்துவிட்டான். கால் முறிந்தது என்று திரையில் எழுத்து வந்தது. இரண்டு கம்பும் கொஞ்சம் துணியும் வைத்துக் கட்டினால் போதும் என்றும் வந்தது. கட்டினான். கொஞ்ச நேரம் நொண்டி நொண்டிப் போனவன் பிறகு சாதாரணமாக ஓட ஆரம்பித்தான்.

"ரெண்டு கம்பும் ஒரு துணியும்" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுப்படியில் அவனுடைய அம்மா இருந்தாள். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பார்த்தால் முதலில் கை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பாள். கோவிலுக்குப் போனால் புற்றுமண் வாங்கிவந்து மகனின் இடுப்பில் பூசுவாள். அதில் ஒரு பங்கைத் தனியாக மடித்து எனக்கென்று கொடுப்பாள். எனக்குக் கை கூடி வருடக்கணக்காகிவிட்டது என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகனைக் கூட்டிவந்த வாரமே ஒரு தட்டில் பழம் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். என் மகன் உன் மகனைக் கொல்லப் பார்த்தானே என்று என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். என் அம்மா அவளைத் தூக்கி உட்காரவைத்து, நடக்கவேண்டும் என்று இருந்திருக்கிறது, விடுங்கள் மதினி என்று சமாதானம் சொன்னாள். காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு வருடமும் தை பிறந்தால் அத்தை அந்தத் தட்டோடு வருவாள்.

நண்பனும் ஒரே ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தான். ரோட்டில் உளுந்து கிடப்பதைப் பார்க்காமல் எப்படி ஓட்டினேன் என்றே புரியவில்லை, உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றான். விடு என்று நானும் என் அம்மாவைப் போலவே சொன்னேன். அம்மாவைவிட நான் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் அவன் தானாகவே ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டான். ஒரே நிலத்தில் இரண்டு பேர் சேர்ந்து பிழைக்கலாம். அவன் அவனுடைய வீட்டிலிருந்தும் நான் என்னுடைய வீட்டிலிருந்தும், காதில் ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே விளையாடலாம். நிலம் அவ்வளவு பெரிது. அதில் பைக் உண்டு. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

முதல் ஒரு மாதம் அவனே ஓட்டினான். அந்த நிலத்தில் பிழைத்துக் கிடப்பவர்கள் எல்லாரும் தலைதெறிக்க ஓட்டுவார்கள். இவன் ஆளே இல்லாத ரோட்டில், மாட்டு வண்டி போகிற வேகத்தில் போவான். மேட்டிலும் வளைவிலும் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். கொள்ளைக்காரர்கள் துரத்தி வந்து இரண்டு முறை எங்களைச் சுட்டுப் போட்டதற்கு அந்த வேகம்தான் காரணம். பின்னால் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். செய்யாத தப்புக்கு அவன் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு, தோள் வலிக்கிறது, கொஞ்ச தூரம் நீ ஓட்டு என்றான். நிறைய நாள் பயந்த விஷயம் சாதாரணமாக வந்து நின்றது. அவன் இறங்கிப் பின்னால் ஏறினான், நான் ஓட்டினேன். பக்கத்து ஊரில் மருந்து கிடைக்குமா, குண்டு எத்தனை மிச்சம் என்று பேச்சு போனது. பேச்சு சூடுபிடித்ததும் பயம் மறந்துவிட்டது. அவனுடைய குரல் என் காதுக்குள்தான் இருந்தது, திரும்பிப் பார்க்க அவசியமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பேசும்போதும் என் கை மௌஸைப் பின்பக்கம் திருப்பியிருக்கிறது. திரையில் என் ஆள் கழுத்தைத் திருப்பி அவனுடைய ஆளைப் பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்கிறான்.

"முன்னால பாத்து ஓட்டுலே" என்றான்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நடு ரோட்டில் நின்றது. ஹெட்போனில் அவன் வீட்டுக் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இத நான் ஒன்ட்ட முன்னாலயே சொல்லியிருக்கேன்" என்றான் மெதுவாக. "நீ என் வண்டிய ஓட்டினதே கெடையாதே. பெறகு எப்பம்லே சொன்னேன்?"

சமாளிக்க ஆயிரம் பதில் இருந்தது. மூன்று வருடமாகச் சமாளித்த வாய்தான். ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை.

"வண்டிய நான் ஓட்டிருந்தா இத நான் ஏன் சொல்லப் போறேன்" என்றான். அது கேள்வி மாதிரி இல்லை.

ஆமா என்றேன். கல்யாண வீட்டில் சாவியைப் பிடுங்கியதிலிருந்து போலீஸ்காரர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரையில் என் பின்னால் அவனுடைய ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பசி, தாகம் காட்டுகிற கோடுகள் ஓரத்தில் குறைந்துகொண்டே வந்தன.

கடைசியில் அவன் ஒன்றே ஒன்று சொன்னான்.

"எங்கம்மாட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

இணைப்பு அறுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் திரையிலிருந்து மறைந்தான்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு தெருதான். அத்தை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வாய்யா, கை எப்படி இருக்கு?" என்றாள். உள்ளே அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. அது சாத்தியிருந்து நான் பார்த்ததே இல்லை.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமுடியாது என்று தோன்றியது. நான்தான் ஓட்டினேன், அவன் இல்லை என்பதை முதலில் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. கீரைக் காம்பு கையில் இருந்தபடியே சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நேற்றிலிருந்து தெரியும் என்றேன்.

கீரைத் தட்டைத் தரையில் வைத்தாள். அவள் எங்கள் வீட்டுக்குப் பழம் கொண்டுவருகிற அதே தட்டு. போலீஸைப் பற்றியோ இன்சூரன்ஸைப் பற்றியோ என் வேலையைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும் அத்தை. மொதல்லேருந்தே" என்றேன்.