கல்யாணத்தன்று பகைக்கு விடுமுறை

வாயில் கொண்டை ஊசிகளைக் கடித்திருக்கும்போதுதான் துஷாந்திக்குப் பேச்சு ஊறும். ஓர் ஊசியை எடுத்து மணப்பெண்ணின் கொண்டையில் செருகுவாள். அந்த இடைவெளியில் ஒரு வாக்கியம் வரும். "அசையாம இருங்க... மாப்புள எங்கயும் ஓடிற மாட்டாரு... ஓடுனாலும் மொதல்ல நான் வேலைய முடிச்சிர்றேன்." இதுவரை ஓர் ஊசியைக்கூட அவள் விழுங்காமல் இருப்பது எனக்கு விளங்காத அதிசயம்.

வயது இருபத்தாறு. பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்த லயத்தில், அம்மா பூவம்மாவோடு இருக்கிறாள். அம்மா கொழுந்தெடுக்கப் போகிறார். மகள் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறாள். பதுளையில் ஓர் அழகு நிலையத்தில் தலை கழுவி விடும் வேலையில் தொடங்கியவள். இப்போது நமுனுகுலையிலிருந்து ஹல்துமுல்லை வரை, துஷாந்தி வந்தால்தான் மணவறைக்குப் போவேன் என்று அடம்பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவள் சாமான்களைப் போட்டுக்கொண்டு வருவது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில். "மேக்கப் பெட்டின்னு விக்கிறது ரெண்டு தடவ பஸ்ஸுல ஏறி எறங்குனா ஒடஞ்சிருது அக்கா. இது மேல ஆளே ஒக்காரலாம்." உட்கார்ந்தும் காட்டினாள்.

சிரித்த முகம்தான். அதற்காகக் கோபத்தை மறந்துவிடுகிற பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. பதுளையில் படித்த காலத்தில் தன்னைக் 'கரிச்சட்டி' என்று கூப்பிட்டவர்களின் பெயர்களை வகுப்பு இடாப்பில் டீச்சர் பெயர் கூப்பிடும் வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். மதுஷாவுக்கு மட்டும் வரிசையை மீறி முதலிடம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் அவள். கலைவிழாக் கும்மிக்கு ஆள் எடுத்தபோது, "இவள நிப்பாட்டுனா லைட் போட்டாலும் தெரியாது டீச்சர்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது, டீச்சரும் சிரித்திருக்கிறார். துஷாந்தி திரைக்குப் பின்னால் நின்று மற்றப் பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்து விட்டாள். "அன்னைக்குத்தான் நம்ம தொழிலே தொடங்குச்சு" என்று இதையும் சிரிப்பாகத்தான் சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பூவம்மா கொடுத்த தேத்தண்ணியை நான் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது துஷாந்தியின் போன் அடித்தது. மதுஷா. அன்றைக்கு அவளுக்குப் பதுளையில் கல்யாணம். பத்தரை மணிக்கு முகூர்த்தம். பண்டாரவளையிலிருந்து வர வேண்டிய அலங்காரக்காரி, மண் சரிந்து பாதை அடைபட்டதால் நடுவழியில் நிற்கிறாளாம். "துஷா, நீ வந்தாத்தான் உண்டு" என்று போனுக்குள் ஒரே அழுகை.

பூவம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "போகாதடி. ஒன்ன அழ வச்சதெல்லாம் நான் இன்னும் மறக்கல. பவுடர அப்பிக்கிட்டு தானா போய் மணவறையில ஒக்காரட்டும்."

துஷாந்தி பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு பகை பாக்க மாட்டேம்மா. நம்ம தொழிலுக்கு அது ஆகாது. நாளையிலருந்து திரும்பப் பாத்துக்கிறேன்."

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டோவில்தான் மனதில் இருந்ததைச் சொன்னாள். "அக்கா, மதுஷாவும் என் நெறந்தான். அந்தக் காலத்துலயே பவுடர் போடாம பள்ளிக்கொடத்துக்கு வர மாட்டா. இன்னைக்கு என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். வெள்ளையாக்கி விடுன்னு கேப்பா. கேட்டத அப்படியே செஞ்சு விட்டேன்னு வச்சுக்கங்க, ரூமுல நல்லாத்தான் இருக்கும். மேடையில லைட் பட்டிச்சின்னா மூஞ்சி சாம்பல் பூசுன மாதிரி ஆயிரும். ஆல்பத்துல காலத்துக்கும் அப்படியே நிக்கும். என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்க முடியாது, பாருங்க!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "செய்வியாடி?" என்று கேட்டேன். பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பதுளை வரும் வரை பாதையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்துப் பின்னறையில், அழுது வீங்கிய முகத்தோடு மதுஷா இருந்தாள். துஷாந்தியைக் கண்டதும் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். துஷாந்தி கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரத் துணியால் அவள் முகத்தில் திட்டுத் திட்டாக இருந்த பவுடரைத் துடைத்து எடுத்தாள். ஆட்டோவில் சொன்னது சரிதான்; இரண்டு பேரும் ஒரே கறுப்பு.

மதுஷாவின் சின்னம்மா ஒரு டப்பாவை நீட்டினார். "வெளிநாட்டுச் சாமான். இதையே போட்டு விடும்மா. மாப்புள வீட்டுல எல்லாரும் நல்ல செவப்பு."

மதுஷா கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள். "கொஞ்சம் வெள்ளையாக்கி விடு துஷா. அத்தன பேரு பாப்பாங்க."

துஷாந்தி டப்பாவை வாங்கித் திறந்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள். 'போடு, போட்டு விடு' என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டதை மறைப்பானேன்!

"நல்ல சாமான். ஒங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும், நீங்களே போட்டுக்கங்க" என்று மூடிச் சின்னம்மாவிடமே கொடுத்துவிட்டாள். பிறகு பெட்டியின் அடித்தட்டைக் கிளறி, பாதி தீர்ந்த ஒரு முகப்பூச்சு டப்பாவை எடுத்தாள். அவள் தனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது.

"அது கறுப்பா இருக்கே" என்றாள் மதுஷா.

துஷாந்தி அதில் ஒரு துளியைத் தன் மணிக்கட்டில் வைத்துத் தேய்த்தாள்; பூசிய இடமே தெரியவில்லை. அந்தக் கையை மதுஷாவின் கன்னத்தோடு ஒட்டி வைத்து, அவள் தலை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கும் வரை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.