ஓரடி விழுந்தால்

சந்தைக் கட்டடத்தின் மாடியில், இரண்டே அறைகளில், ஊர் அருங்காட்சியகம். படியேறி முடிப்பதற்குள் மணியக்காவுக்கு மூச்சு வாங்கியது. இருபத்தாறு வருஷம் சந்தை மணி அடித்தவள். பேரும் அந்த உத்தியோகம் கொடுத்ததுதான். வலது காதை மணி எப்போதோ தின்றுவிட்டது. இடது காதும் இந்த வருஷத்தோடு சரி என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அது போவதற்குள் மணியை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

“இதுக்குப் போய் ரெண்டு பஸ் மாறணுமா அண்ணி?” நாத்தனார் இடது காதோரம் கத்தினாள். “வீட்லயே ரெண்டு தட்டை எடுத்துத் தட்டியிருப்பேனே!”

“முப்பது வருஷமா நீ தட்டுறதைத்தானே கேக்கறேன்.”

ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. எடைக்கற்கள், துருப்பிடித்த பூட்டு, யாரோ போட்டுத் தேய்ந்த செருப்பு, எல்லாம் கண் மூடிக் கிடப்பதுபோல் இருந்தன. கொஞ்ச நாளாகவே அவளுக்கு உலகம் தண்ணீருக்கடியில்தான் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் மணி தொங்கியது. பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று அட்டை.

படித்தாள். கைதான் படிக்கவில்லை. கயிறு உள்ளங்கைக்குள் வந்ததும் இடுப்பு தானாகச் சாய்ந்தது. ஒரே இழுப்பு.

ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கட்டு மட்டும் அதிர்ந்தது.

காப்பாளர் வாயைத் திறந்து திறந்து மூடியபடி ஓடிவந்தார். கீழே, காலை பதினொன்றுகூட ஆகவில்லை, பழைய வியாபாரிகள் தக்காளிக் கூடைகளைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். வரிசை வரிசையாகப் படுதா இறங்கியது. மணிக்குப் பதில் ஒலிபெருக்கி வந்து ஏழு வருஷமாகியும், ஓரடி விழுந்தால் கடை கட்டணும் என்பது அவர்கள் உடம்பைவிட்டுப் போகவில்லை.

“என்னம்மா பண்ணி வெச்சீங்க! சந்தையையே மூடறாங்க!”

நாத்தனார் அதைக் காதில் போட்டதும் மணியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டடி அடிச்சா திரும்பத் திறந்துடுவாங்க தம்பி.”

காப்பாளர் அட்டையைப் பார்த்தார். சந்தையைப் பார்த்தார்.

“சீக்கிரம் அடிச்சுத் தொலைங்க.”

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. இடது காதை மணியின் விளிம்புக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, இழுத்தாள். நிறுத்தி, இன்னொன்று.

“கேட்டுச்சா அண்ணி?”

“பக்கத்து வீட்ல கரண்டி விழுந்த மாதிரி.”

“அட, இவ்வளவுதானா?”

கீழே படுதாக்கள் ஒவ்வொன்றாக ஏறின. கயிற்றை விடாமலே அவள் சொன்னாள்:

“நம்ம மணிதான்டி. வேற மணி இல்ல.”